ஏழரைத் தலைக்கட்டு

எங்கள் ஊரில் மியூசியம் இருக்கிறது என்று சொன்னால் திருப்பனந்தாள் பஸ் ஸ்டாண்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கொள்ளிடக் கரையில் நூற்றிருபது வீடு, தேவதூதர் மிக்கேல் சம்மனசுக்கு ஒரு கோயில், ஒரு ரேஷன் கடை, இரண்டு டீக்கடை, ஒரு மியூசியம். அவ்வளவுதான் மிக்கேல்படுகை. மியூசியத்துக்கு இரண்டு அறை. முன்பு அது கூட்டுறவு சங்கத்தின் உரக் கிடங்கு. மழை பெய்தால் இன்றும் யூரியா வாடை வரும். சாவி என்னிடம் இருக்கிறது. என் பெயர் ஜாய்ஸ். காலையில் ஊர்ப்புற நூலகத்தில் வேலை, மாலையில் மியூசியம். வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். அதனால் ஐந்து மணிக்கு ஓடிப்போய் யாருக்கும் டிபன் செய்ய வேண்டிய கட்டாயம் எனக்கில்லை.

மியூசியத்தை ஆரம்பித்தவர் ஜேசுராஜ் அண்ணன். பதினெட்டு வருஷம் குவைத்தில் ஒரு அரபி வீட்டில் டிரைவராக இருந்தவர். ஒரு வெள்ளிக்கிழமை அந்த வீட்டுப் பிள்ளைகளை அங்கிருந்த மியூசியத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். முத்துக் குளிக்கிறவன் சோறு தின்ற சட்டி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மேலே லைட்டும் போட்டிருந்தார்களாம். அது அவர் மனதைவிட்டுப் போகவே இல்லை. ஊரோடு வந்து சேர்ந்த மறுமாதமே, கும்பகோணத்தில் ஒரு பழைய பாத்திரக் கடை வாசலில், தன் பாட்டனார் பெயர் வெட்டிய செம்பு அண்டா கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தார். வீட்டை இடித்து மாடி கட்டியபோது அவருடைய தம்பி மனைவிதான் எடைக்குப் போட்டிருந்தாள். அண்டாவை மீட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் பிறந்ததுதான் எங்கள் மியூசியம்.

அப்போது ஊர் முழுக்க அதே கதைதான். குவைத், சிங்கப்பூர், திருப்பூர் என்று ஆள் போன வீடுகளிலெல்லாம் ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய சாமானை எங்கே தள்ளுவது என்று தவித்தவர்களுக்கு நாங்கள் நல்ல வழியாக அமைந்தோம். கோரை அறுத்த அரிவாள், உள்ளங்கை அளவுக்குத் தேய்ந்த மண்வெட்டி, அரிக்கேன் விளக்கு, பத்தாயத்துப் பலகை எல்லாம் வந்தன. ஒருவர் டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்து, ஊருக்கு முதலில் வந்த தன் பூட்டனார் வைத்திருந்தது என்று சத்தியம் செய்தார். வாங்கிக்கொண்டு, 'பிற்காலத்தது' என்று சீட்டு எழுதி ஒட்டினேன். மனிதரைச் சங்கடப்படுத்துவானேன்?

மியூசியத்தின் நோக்கம் ஒன்றுதான். இந்தப் படுகைக்கு முதன்முதலில் வந்து, நாணலையும் கோரையையும் வெட்டி, வாய்க்கால் இழுத்து வயலாக்கினவர்களை ஞாபகம் வைப்பது. ஏழு தலைக்கட்டு வந்தது என்பது ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தலைக்கட்டு என்றால் குடும்பம். கல்யாணமான ஆண்பிள்ளை ஒருவனைத் தலைவனாக வைத்து எண்ணும் கணக்கு. ஜேசுராஜ் அண்ணனின் பூட்டனார் அந்தோணிமுத்துதான் முதல் மண்வெட்டியைப் போட்டவர் என்பது அண்ணன் சொல்லும் வரலாறு. என்னைப் பெற்ற வீடும் அந்த ஏழில் ஒன்று. அந்தத் திமிர் எனக்கும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊருக்கு ஒரு வெட்கமும் உண்டு. நிலப் பதிவுகளில் எங்கள் ஊரின் பெயர் மிக்கேல்படுகை அல்ல, ஏழரைப்படுகை. ஏழரை என்றால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் சனி ஞாபகம்தான் வரும். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களை விடவே மாட்டார்கள். பஸ் கண்டக்டர், "ஏழரையெல்லாம் எறங்குங்க" என்பார். பெண் கேட்டுப் போனால், "ஏழரையில கொண்டுபோய்க் குடுக்கறதா" என்பார்கள். பொறுக்க முடியாமல் எங்கள் பெரியவர்கள் ஐம்பத்தெட்டில் கலெக்டருக்கு மனுப் போட்டு ஊர்ப் பெயரை மாற்றிக்கொண்டார்கள். சனிக்குப் பயந்து பெயர் மாற்றிக்கொண்ட கத்தோலிக்க ஊர் இந்த ஜில்லாவில் வேறு இருக்காது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், செப்டம்பர் இருபத்தொன்பதாம் தேதி சம்மனசு திருநாளன்று, பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்து மியூசியத்தைத் திறந்து வைப்பதாக ஏற்பாடு. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஒரு மாலை, செபஸ்தியம்மாள் அக்கா தலையில் ஒரு அம்மிக்கல்லோடு மியூசியத்து வாசலில் வந்து நின்றாள்.

அவளுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. ஊரின் வடகோடியில் மேட்டு வீட்டில் இருப்பவள். நாலு மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, தானே நின்று பயிர் செய்வாள். மகன் ஜோஸ்வா சிங்கப்பூரில் கட்டட வேலை. ஏழு தலைக்கட்டில் எதிலும் சேராத வீடு ஊரில் அது ஒன்றுதான். அந்த வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு வெளியூரிலிருந்துதான் பெண் எடுப்பார்கள். பெண்பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை வீட்டோடு வந்து சேர்வான். ஊரில் அதை 'ஒதுங்கின வீடு' என்போம். ஏதோ ஒரு வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வந்து ஒதுங்கிய குடும்பம் என்று பேச்சு. யார் கிளப்பிய பேச்சோ தெரியாது. எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன்.

அம்மியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, இது தன் வீட்டில் ஆதியிலிருந்து இருக்கிறது, உள்ளே வை என்றாள். ஏழு வீட்டுச் சாமான் மட்டும்தான் வைக்கிறோம் என்றேன். அம்மி எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது என்றும் சொன்னேன். சொன்ன தோரணை எனக்கே இப்போது பிடிக்கவில்லை.

அவள் கோபப்படவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"ஜாய்ஸு, ஜோஸ்வா திருநாளுக்கு லீவுல வர்றான். மருமகளோட அப்பா அம்மாவும் வேளாங்கண்ணியிலேருந்து வர்றாங்க. எல்லாரும் இதப் பாக்க வருவாங்க. போர்டுல ஏழு பேரு வரிசையா எழுதியிருக்கும். நாங்க யாருன்னு கேப்பாங்க. ஆத்துல ஒதுங்கினோம்னு யாராச்சும் சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. எனக்கு அந்த போர்டுல ஒரு வரி வேணும். எங்களுக்கும் ஒரு ஆளு வந்து எறங்கியிருக்கணும்ல?"

மியூசியக் கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன் என்று மழுப்பினேன். அவள் அம்மியை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டாள். வாசல்படிக்கு நேராக, எடுக்கவும் முடியாமல் தாண்டவும் முடியாமல் அது கிடந்தது. இரண்டு நாளில் ஜேசுராஜ் அண்ணன் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டார். யார் வைத்தது என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். ஆதாரம் இருந்தால் பார்க்கலாம், ஆசைப்பட்டவர்களையெல்லாம் முன்னோர் ஆக்க முடியுமா என்று கேட்டுவிட்டு நொண்டிக்கொண்டே போனார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

ஆதாரம் எங்கள் கையில்தான் இருந்தது. அதுதான் கூத்து.

பழைய உபதேசியார் ஒருவர் எழுதி வைத்த நோட்டு எங்களுக்குக் கிடைத்திருந்தது. சாமியார் மாதத்துக்கு ஒருமுறை குதிரையில் வந்து போன அந்தக் காலத்தில், ஜெபம் சொல்லிக்கொடுக்க ஊரோடு இருந்தவர் உபதேசியார். அவர் எழுதினதில் முதல் பக்கத்தில் இப்படி இருந்தது: 'கொள்ளிடத்து வடபுறம் படுகையிற் குடியிருக்கிற தலைக்கட்டு ஏழரை.' அதன் கீழே பெயர்கள். முதல் பெயர் அந்தோணிமுத்து. பக்கம் முடியும் இடத்தில் ஏழாவது பெயர்.

அந்த நோட்டை நான் படித்துக் காட்டியபோது, ஏழரை என்ற சொல்லைக் கேட்டதும் ஜேசுராஜ் அண்ணனின் முகம் சுருங்கிப் போயிற்று. வேறு பக்கத்தைத் திறந்து கண்ணாடிப் பெட்டியில் வை, இதைப் பார்த்தால் ஊரே மறுபடி சிரிக்கும் என்றார். பெயர் ஏழு இருக்கிறது, ஆகவே தலைக்கட்டு ஏழு, அந்த அரை ஏதோ கைதவறி எழுதியது என்று இருவரும் முடிவு செய்தோம். ஞானஸ்நானம் பற்றி எழுதியிருந்த ஒரு நடுப்பக்கத்தைத் திறந்து வைத்தேன். முதல் பக்கத்தைத் திருப்பி அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. நான் நூலகத்தில் வேலை பார்க்கிறவள்!

திருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ரெமிஜியஸ் மாமா வந்தார். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தாறு வருஷம் மதகு திறந்து மூடி, வாய்க்கால் கரையோடு நடந்தே தேய்ந்த கால்கள். தேய்ந்த மண்வெட்டிக்குச் சீட்டு எழுத வேண்டும், அந்தக் காலத்தில் வாய்க்கால் வெட்டும் முறை எப்படி என்று அவரைக் கேட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். குடிமராமத்து என்றால் கூலி கிடையாது, ஊரே சேர்ந்து வெட்டுவது. தலைக்கட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும்.

"ஆம்பளை இல்லாத வீடா இருந்தா?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"அது அரைத் தலைக்கட்டும்மா. புருசன் செத்துப்போன பொம்பளை வீடுன்னா அரைதான். ஒரு நாள் வந்தா ஒரு நாள் வர வேண்டியதில்ல. எங்க காலம் வரைக்கும் அப்படித்தான் எண்ணுவாங்க."

பேனாவை வைத்துவிட்டு எழுந்து கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன். நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். மறுபக்கத்தின் உச்சியில், அதே கறுப்பு மையில், இரண்டே வரி இருந்தது. 'மேற்படியார் வருமுன்னமே மேட்டின்மேற் குடிசை போட்டிருந்த கைம்பெண் ஒருத்தியும் அவள் மகனும், அரை. வெள்ளம் ஏறாத இடம் இன்னதென்று மேற்படியாருக்குக் காட்டினவள் இவளே.'

நான் படித்ததை ரெமிஜியஸ் மாமா இரண்டு தரம் படிக்கச் சொன்னார். வெற்றிலையைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். மேடு என்று எங்கள் ஊரில் இருப்பது ஒன்றுதான். கொள்ளிடம் பெருகும்போதெல்லாம் ஊரே ஆடு மாட்டை ஓட்டிக்கொண்டு அங்கேதான் ஏறும். அதற்கு முந்தின வருஷ வெள்ளத்தில் நான் என் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, இரண்டு நாள் செபஸ்தியம்மாள் அக்கா வீட்டில்தான் கிடந்தேன். அவள் வடித்த கஞ்சியைக் குடித்தேன். வெள்ளம் வடிந்ததும் இறங்கி வந்து, அந்த வீட்டை மறுபடி ஒதுங்கின வீடு என்றே சொன்னேன். ஊருக்குப் பெயரே அவளுடைய அரையோடு சேர்ந்துதான் ஏழரை என்று வந்திருக்கிறது. அதைச் சனியன் என்று நினைத்து, மனுப் போட்டு அழித்துவிட்டோம்.

ஜேசுராஜ் அண்ணனிடம் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அவருக்கு ஆத்திரம் வரும், என்னிடம் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாக, "அப்ப எங்க பூட்டன் மொதல்ல வரலியா?" என்றார். குரலைக் கேட்க எனக்குப் பாவமாக இருந்தது. இரண்டு வருஷமாக வீடு வீடாக ஏறி இறங்கிய மனிதர். ஏழாயிரம் தடவையாவது அந்த முதல் மண்வெட்டிக் கதையைச் சொல்லியிருப்பார்.

மறுநாள் காலையில் அவரே மியூசியத்துக்கு வந்தார். ரெமிஜியஸ் மாமாவையும் ஒரு கை பிடிக்கச் சொல்லி அம்மியைத் தூக்கி உள்ளே வைத்தார். மூச்சு வாங்கிக்கொண்டே, மியூசியம் என்று வைத்துவிட்டுப் பொய் எழுதி மாட்டக்கூடாது, போர்டில் ஒரு வரி ஏற்றிவிடலாம் என்றார். அந்த நிமிஷம் எனக்கு அவரை ரொம்பவே பிடித்துப்போயிற்று.

போர்டு எழுதியவர் வீரையன். திருப்பனந்தாளில் கடை வைத்திருப்பவர். கம்ப்யூட்டரில் பிளக்ஸ் அடிக்கிற காலம் வந்த பிறகும் எங்கள் பக்கத்துக் கடைப் பலகை, லாரிப் பலகை எல்லாம் அவர் கையெழுத்துத்தான். உச்சியில் ஒரு சிலுவை போட்டு, ஏழு பெயரையும் மஞ்சள் பெயிண்டில் எழுதி முடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கூப்பிட்டதும் வந்தார். கீழே இடம் இருக்கிறது, எழுதிவிடலாம் என்றார். ஜேசுராஜ் அண்ணன் மறுத்தார். சிலுவைக்கும் அந்தோணிமுத்துவுக்கும் நடுவே விரல் வைத்துக் காட்டி, "இங்க எழுதுங்க. அவங்கதான் மொதல்ல" என்றார்.

செபஸ்தியம்மாள் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். களை எடுத்துக்கொண்டிருந்தவள் கையில் சேறோடு வந்தாள். உபதேசியார் எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். 'வெள்ளம் ஏறாத இடம் இன்னதென்று மேற்படியாருக்குக் காட்டினவள் இவளே' என்ற இடத்தில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சேறு என் புடவையில் ஒட்டியது. இருவரும் அழுதுவிட்டோம். நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வீரையன் ஏணியில் ஏறி நின்று, பிரஷ்ஷை டப்பாவில் தோய்த்துக்கொண்டு, என்ன பெயர் எழுத வேண்டும் என்று கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை.

நோட்டில் 'கைம்பெண் ஒருத்தி' என்று மட்டும்தான் இருந்தது. ஏழு ஆண்களின் பெயரை அத்தனை அழகாக எழுதிய மனிதர் அவள் பெயரைக் கேட்டு எழுதவில்லை. ஞானஸ்நானப் பக்கங்களைப் புரட்டினேன். அதிலும் இல்லை. பழைய பங்குக் கோயில் புத்தகங்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலாம் வருஷத்து வெள்ளத்தில் போய்விட்டன என்று எல்லோருக்கும் தெரியும். ஜேசுராஜ் அண்ணன், 'அரைத் தலைக்கட்டு' என்றே எழுதிவிடலாமா என்றார். செபஸ்தியம்மாள் அக்கா தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மூன்று வாரமாக அவள் கேட்டது ஒரு வரி. வரிக்கு இடம் கிடைத்துவிட்டது, எழுதுவதற்குப் பெயர் இல்லை. அவள் ஏணியைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீரையன்தான் பேசினார். பெயிண்ட் காய்கிறதே என்ற கவலையில் பேச்சுக் கொடுத்தாரோ என்னவோ.

"எங்கள்ல பாட்டி பேரத்தான் பேத்திக்கு வைப்போம். உங்கள்ல எப்படிங்கம்மா?"

"எங்கள்லயும் அதான்" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடியே. "எனக்கு எங்க அப்பாயி பேரு. அப்பாவப் பெத்தவங்க. அவங்க இந்த வீட்டுலயே பொறந்தவங்க, எங்க தாத்தாதான் வந்து சேந்தாரு. எங்க அப்பாயிக்கு அவங்களோட அப்பாயி பேரு. அவங்கதான்…"

நிறுத்திவிட்டாள். நான் விரல் விட்டு எண்ணினேன். இவளுடைய அப்பாயியின் அப்பா, மேட்டுக் குடிசையில் தாயோடு இருந்த அந்த மகன்தான். அவனைப் பெற்றவள்தான் அந்தக் கைம்பெண். ரெமிஜியஸ் மாமாவும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். வீரையன், எழுதட்டுமா என்று கேட்டார். ஜேசுராஜ் அண்ணன் எழுதுங்கள் என்றார்.

வீரையன் எழுதினார். செ என்ற எழுத்து விழுந்தபோதே அக்கா முந்தானையைத் தலைக்கு மேலே போட்டுக்கொண்டாள், பூசை நேரத்தில் போட்டுக்கொள்வதைப்போல. கடைசி ளகரத்துக்குப் புள்ளி வைத்துவிட்டு வீரையன் இறங்கினார். சிலுவைக்குக் கீழே, ஏழு ஆண்களுக்கும் மேலே, ஈரம் காயாத மஞ்சளில் அவள் பெயர் இருந்தது.

ஜேசுராஜ் அண்ணன் தள்ளி நின்று பார்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எதிலும் ஒரு குறை சொல்லாமல் இருக்க மாட்டார்.

"எல்லாம் சரிதான். ஆனா வெளியூர்லேருந்து வர்றவங்க இதப் படிச்சா, நீதான் மொதல்ல வந்து இந்த ஊர உண்டாக்கினவன்னு நெனைச்சுக்குவாங்களே, செபஸ்தியம்மா?"

அவள் போர்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நெனைச்சுக்கட்டும்ண்ணே" என்றாள்.